வராதவர் எழுதிய விடைத்தாள்

பன்னிரண்டு தாள்களில் பதினொன்றில் தேறியவருக்கு, பன்னிரண்டாவது தாளுக்கு நேராக ‘வரவில்லை’ என்று அச்சடித்து அனுப்பியிருந்தது பல்கலைக்கழகம். தோற்றுவிட்டார் என்று போட்டிருந்தால்கூட அவர் பேசாமல் இருந்திருப்பார். தோற்பது அவருக்குப் புதிதல்ல. வரவில்லை என்றால் எப்படி? போனாரே. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கூடுதல் தாள் இரண்டு வாங்கி, எல்லாவற்றையும் நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாரே.

அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். வண்டியில் இருப்பதைத் தவிர அவரிடம் வேறு சத்தமே கிடையாது என்பதால், கூட வேலை செய்பவர்கள் சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி இறங்கி முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் தேய்ந்துபோயிருந்தன. எலும்பு டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே தூக்கினீங்கன்னா, அப்புறம் உங்களை ரெண்டு பேர் தூக்கணும்” என்றார்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு இடம் காலியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற வேலை. அதற்கு ஒரு பட்டம் வேண்டும். அதற்காகத்தான் சைரன் நாற்பது வயதுக்கு மேல் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து, நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நேரத்திலெல்லாம் ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தார். அவசரச் சேவை நிர்வாகம் என்பது படிப்பின் பெயர். அந்த வேலைக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

படிப்பில் சேர்ந்தபோது பல்கலைக்கழகம் ஒரு கையேடு கொடுத்திருந்தது. ‘மாணவர் உரிமைகளும் கல்விக் கொள்கைகளும்’. நூற்றுப் பதினான்கு பக்கம். முதல் நாலு பக்கம் உரிமைகள், மீதி நூற்றுப்பத்துப் பக்கம் கொள்கைகள். சைரன் உரிமைப் பக்கங்களைப் பேனாவால் கோடு போட்டுப் படித்துவிட்டு, வாரவிடுமுறை நாளில் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

வாசலில் காவலாளி நிறுத்தினார்.

“யாரு நீங்க?”

“இங்க படிக்கிறேன்.”

“இங்கயா, தொலைநிலையா?”

“தொலைநிலை.”

“அப்போ ஏன் இங்க வந்தீங்க?” என்றார் காவலாளி. கோபமாகக் கேட்கவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். தொலைநிலை மாணவர் அடிக்கடி நேரில் வந்தால், அவர் தொலைவில் இருக்கிறார் என்ற அடிப்படைத் தகுதியை இழப்பார் என்று அதில் போட்டிருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை வரலாம். காவலாளி ஒரு நோட்டில் சைரனின் பதிவு எண்ணை எழுதி, அதன் எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

தேர்வுப் பிரிவில் ஏழாம் கவுன்டரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சைரன் தன்னுடைய ஹால் டிக்கெட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். அதில் அந்தத் தேதிக்கு நேராகக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“கையெழுத்து யாருது?”

“கண்காணிப்பாளருது.”

“அப்போ கண்காணிப்பாளர் வந்திருக்கார்னு தெரியுது. நீங்க வந்ததுக்கு என்ன இருக்கு?”

சைரன் கொஞ்சம் யோசித்தார். “வருகைத்தாள்ல நானும் கையெழுத்துப் போட்டேனே.”

அந்த அம்மா கணினியில் தட்டிப் பார்த்தார். “உங்க அறையோட வருகைத்தாள் வந்து சேரல. தாள் வரலைன்னா ஆள் வரல. அது கொள்கை. உங்களை மட்டும் சொல்லலை, அந்த அறைல இருந்த இருபத்தாறு பேருமே வரல.”

“இருபத்தாறு பேரும் வரலைன்னா, கண்காணிப்பாளர் மூணு மணி நேரம் யாரைப் பார்த்துக்கிட்டிருந்தார்?”

“அது கண்காணிப்புப் பிரிவு. மூணாவது மாடி” என்றார் அந்த அம்மா. பிறகு மனம் இளகி, ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். “மத்த இருபத்தஞ்சு பேரும் நாங்க வரலைன்னு இதுல எழுதிக் குடுத்துட்டு, அடுத்த வருஷம் எழுதறோம்னு போயிட்டாங்க. படிச்சவங்க. நீங்களும் போட்டுருங்களேன்.”

“நான் வந்தேன் மேடம்.”

“எல்லாரும் வந்தவங்கதான்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மாணவர் உரிமை அலுவலரின் அறை கட்டடத்திலேயே பெரியது. சுவரில் உரிமைகள் பத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சட்டத்துக்குக் கீழே ஒரு கேடயம் இருந்தது. பதினோரு வருஷமாக ஒரு மாணவர் புகார்கூட நிரூபணம் ஆகாததற்காகப் பல்கலைக்கழகமே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துக்கொண்டது. அலுவலர் எழுந்து நின்று கைகுலுக்கி, சைரனை உட்காரச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சைரனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“மேல்முறையீடு உங்க உரிமை” என்றார் அலுவலர். “அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. மதிப்பெண் பட்டியல்ல போட்டிருக்கிற தேதில இருந்து பதினஞ்சு நாளுக்குள்ள செய்யணும்.”

“பட்டியலைத் தபால்ல போட்டதே பதினாறாவது நாள்தான் சார். உறைமேல முத்திரை இருக்கு.”

“பார்த்தீங்களா, எவ்வளவு கவனமா இருக்கீங்க. இப்படிப்பட்ட மாணவர்கள்தான் எங்களுக்கு வேணும்” என்று அலுவலர் மனதாரப் பாராட்டினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உரிமைங்கறது உங்களுக்காக நாங்க பத்திரமா வெச்சிருக்கிற பொருள். ஆளாளுக்கு எடுத்துப் பயன்படுத்த ஆரம்பிச்சா தேய்ஞ்சு போயிடும். அப்புறம் நிஜமாவே தேவைப்படறவருக்கு என்ன இருக்கும்?”

“எனக்கு நிஜமாவே தேவைப்படுது சார்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “சரி, உங்க முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கு. என் சொந்தப் பொறுப்புல ஒரு விசாரணைக்கு உத்தரவு போடறேன்.”

திரும்பி வரும் வழியில், பஸ்ஸில் சீட் கிடைத்தும் சைரனால் உட்கார முடியவில்லை. முதுகு விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, உலகத்தில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பதிவுத்தபால் வந்தது. அவருடைய விடைத்தாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். திருத்தியும் விட்டார்கள். எழுபத்தொன்று மதிப்பெண். சைரன் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து நிற்பதற்குள் அடுத்த வரியைப் படித்தார்.

‘மேற்படி தேர்வுக்குத் தாங்கள் வரவில்லை என்பது பதிவேட்டின்படி உறுதியாதலால், தங்கள் பெயரில் இவ்விடைத்தாளை எழுதியவர் தாங்கள் அல்லர் என்பது தெளிவாகிறது. ஆள்மாறாட்டத்துக்குத் தாங்கள் உடந்தையாக இருந்தமைக்காகத் தங்களை ஐந்தாண்டுகள் ஏன் விலக்கி வைக்கக்கூடாது என்பதற்கும், மேற்படி நபர் யார் என்பதற்கும் விளக்கம் அளிக்கவும்.’

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறவள். இருபது வருஷமாக ரத்தக்கறையைப் பார்த்துப் பார்த்து எதற்கும் பதறாதவள்.

“யாருங்க அது, உங்க பேர்ல எழுதினவர்?” என்றாள். “நல்லாத்தான் எழுதியிருக்கார்.”

சைரன் சிரிக்கவில்லை.

“வரலைன்னு எழுதிக் குடுத்துட்டு விட்டுடுங்களேன். இந்த இடம் போனா இன்னொரு இடம் வராமலா போகும்?”

“அது மட்டும் முடியாது.”

“ஏன் முடியாது?”

ஏன் என்று அவளுக்கே தெரியும். அந்தப் பரீட்சை நாளன்றுதான் அவருடைய அப்பா இறந்துபோனார். நுரையீரல் கெட்டு, அக்கா வீட்டுக் கட்டிலில் ஐந்து நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் கிளம்பும்போது அக்கா, “இன்னிக்குப் போகாதடா” என்றாள். ஒரே ஒரு தாள், ஒரு மணிக்கு முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்று இருபதுக்கு அப்பாவின் மூச்சு நின்றது. சைரனின் போன், அணைத்தபடி, தேர்வு அறைக்கு வெளியே ஒரு பெஞ்சின்மேல் மற்றவர்களின் பைகளோடு கிடந்தது. அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதில்லை.

இவ்வளவையும் கொடுத்துவிட்டு எழுதிய பரீட்சையை, எழுதவே இல்லை என்று எப்படி ஒருவர் கையெழுத்துப் போடுவார்?

விளக்கத்தோடு தன் அலுவலக விடுப்புப் பதிவின் நகலையும் வைத்து அனுப்பினார். ‘காலை: தேர்வு. பிற்பகல் முதல்: தந்தை மறைவு’ என்று அதில் இருந்தது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தார். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. காவலாளி நோட்டில் இரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டு, இனி இந்த வருஷம் அவர் வந்தால் மாணவர் அல்ல என்று நினைவூட்டினார்.

விசாரணைக் குழு ஒரு அறையில் கூடியிருந்தது. சைரனைத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் ஒரு தொலைபேசி. தொலைநிலை மாணவரை நேரில் விசாரிப்பது கல்விமுறையின் ஆதாரக் கொள்கைக்கு விரோதமாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். குழுத் தலைவரின் குரல் முதலில் கதவு வழியாகவும், பிறகு போன் வழியாகவும் வந்தது. அவர் இருமினால் இரண்டு தடவை கேட்டது.

“நீங்க இப்போ எங்க இருக்கீங்க?” என்றார் தலைவர்.

“கதவுக்கு வெளியில சார்.”

“ஊர்ல இருந்து பேசறீங்கன்னு எழுதிக்கறோம்” என்றது குரல். “இங்க பாருங்க. எங்க மாணவர் பொய் சொல்லுவார்னு நாங்க ஒருநாளும் நினைக்கறதில்ல. எங்க பதிவேடு பொய் சொல்லும்னும் நினைக்கறதில்ல. ரெண்டையும் நம்பறதுதான் எங்க கஷ்டமே. அதனால, உண்மையைத் திருத்திக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கணும்னு குழு தீர்மானிச்சிருக்கு.”

“உண்மை வந்து, நான் வந்தேன் சார். என் கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்க. விடைத்தாள்ல இருக்கிறது என் எழுத்து.”

“பார்த்தோம். அச்சு அசல் உங்க எழுத்துதான். அதுதான் எங்களுக்கு பயமா இருக்கு. ஆள்மாறாட்டம் பண்றவன் இவ்வளவு தேர்ந்தவனா இருந்தா மத்த மாணவர்களோட பாதுகாப்பு என்னாகிறது?”

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. யாரோ தலைவரிடம் எதையோ காட்டினார்கள். மறுபடி பேசியபோது அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

“என்ன சார் நீங்க. அன்னிக்கு உங்க அப்பா தவறியிருக்கார். இந்த விடுப்புப் பதிவுல இருக்கே.”

“ஆமா சார். மத்தியானத்துக்கு மேலதான் எனக்குத் தெரியும். காலைல பரீட்சைன்னு அதுலயே…”

“காலைங்கறது நீங்க சொன்னது. சாவுங்கறது நடந்தது. வராததுக்கு ஏத்துக்கக்கூடிய காரணம்னு எங்ககிட்ட ஆறு இருக்கு. அதுல முதல் காரணமே பெற்றோர் மரணம். வெள்ளத்துக்கும் பிரசவத்துக்கும்கூட அதுக்கு அப்புறம்தான் இடம். இவ்வளவு நல்ல காரணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, வந்தேன் வந்தேன்னு எதுக்கு சார் அடம் பிடிக்கறீங்க?”

தலைவர் விளக்கினார். அப்பாவின் பக்கத்தில் இருந்ததால் தேர்வுக்கு வர முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஆள்மாறாட்ட வழக்கு தானாக விழுந்துவிடும். துக்கத்தில் இருந்தவர்களுக்கு என்று ஒரு சிறப்புத் தேர்வு இருக்கிறது. மூன்றே வாரத்தில் எழுதிவிடலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முன்னாலேயே பட்டம் கையில் இருக்கும். ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் அன்று இருந்த ரத்த உறவு யாராவது போட வேண்டும்.

“இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை சார் அப்பா பக்கத்துல இருக்கான்? நீங்க குடுத்து வெச்சவர்” என்று தலைவர் இரண்டு தடவை சொன்னார், கதவு வழியாக ஒன்று, போன் வழியாக ஒன்று. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வந்து படிவத்தை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

அந்தப் படிவத்தைச் சைரன் நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். நாலாவது நாள், கனத்த மனிதர் ஒருவரைக் குறுகலான படியில் இறக்கும்போது இடது கால் மரத்துப்போய் ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே இருந்த உதவியாளர் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நோயாளி கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சைரன் மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனார்.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கையிலிருந்த லென்ஸ் முடிந்தபிறகுதான் நிறுத்தி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, உறையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சைரன் படிவத்தை நீட்டினார். வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

அவள் சத்தமாகப் படித்தாள். “மேற்படி மாணவர் மேற்படி நாளில் காலை பத்து மணி முதல், உயிர் பிரியும் தறுவாயில் இருந்த தந்தையின் அருகிலேயே இருந்தார் என்பதை நேரில் கண்டவள் என்ற முறையில்…”

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“நேர்ல கண்டவள் நான்தான்” என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. “நான் என்ன கண்டேன்னு சொல்லட்டுமா? ரெண்டு தடவை அப்பா கதவைப் பார்த்தார். அதைக் கண்டேன். நான் உன் போனுக்குப் பதினாலு தடவை அடிச்சேன்.”

“தெரியும்க்கா.”

“இப்போ நீ பக்கத்துல இருந்தேன்னு நான் எழுதணும்.”

“வேண்டாம்னா வேண்டாம். நான் போறேன்.”

அவர் திரும்பியபோது அவள் கேட்டாள். “நிஜமாவே அந்தப் பரீட்சையை எழுதினியா? இல்ல, அப்பா சாகறதைப் பார்க்க பயந்துக்கிட்டு எங்கயாவது போய் உட்கார்ந்திருந்தியா?”

“எழுதினேன்.”

“எவ்வளவு வந்துச்சு?”

“எழுபத்தொண்ணு.”

அக்கா மேஜையிலிருந்து பேனாவை எடுத்தாள். “நீ அங்க இருந்தேங்கறதுக்கு இந்த உலகத்துலயே ஒரே சாட்சி நான்தான்டா. ஏன்னா நீ அப்பா பக்கத்துல இல்ல. அதையும் அழிக்கச் சொல்றாங்களா உங்க பல்கலைக்கழகத்துல?”

அச்சடித்திருந்த வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே கொட்டைக் கொட்டையாக எழுதினாள்: ‘அன்று இவன் அப்பா பக்கத்தில் இல்லை. பரீட்சை எழுதப் போயிருந்தான்.’ கையெழுத்துப் போட்டாள். “இதைக் குடு. இதுதான் நிஜம்” என்றாள்.

சைரன் வேறு படிவம் கேட்கவில்லை. அதையே தபாலில் சேர்த்தார். அன்று ஏனோ அவருக்கு முதுகு வலிக்கவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்து எட்டாம் வாரம் பதில் வந்தது. ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உறையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்காவே கூப்பிட்டாள்.

“என்னடா எழுதியிருக்காங்க? படி.”

அவர் படித்தார்.

‘சாட்சியின் முதல் வாக்கியம் அவர் நேரில் கண்டதாகையால் ஏற்கப்படுகிறது. இரண்டாம் வாக்கியம் அவர் நேரில் காணாததாகையால் நீக்கப்படுகிறது. எனவே தாங்கள் மேற்படி நாளில் தேர்வுக் கூடத்துக்கும் வரவில்லை, தந்தையின் அருகிலும் இல்லை என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. தந்தையின் அருகில் இல்லாதவருக்குச் சிறப்புத் தேர்வு எழுதும் தகுதி இல்லை. எங்குமே இல்லாத ஒருவர் குற்றத்துக்கு உடந்தையாக இருக்க இயலாதாகையால் ஆள்மாறாட்டக் குற்றச்சாட்டு கருணையுடன் கைவிடப்படுகிறது. தங்கள் உரிமைகள் அனைத்தையும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டமைக்கு நன்றி.’

போனில் அக்கா சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

“அப்போ எங்கதான்டா இருந்த நீ?”

“ரெண்டாவது மாடி. ஜன்னல் ஓரம். ஃபேன் ஓடல. விடைத்தாள் பறக்காதுன்னு சந்தோஷப்பட்டேன்.”

“பதினொண்ணு இருபதுக்கு?”

“நாலாவது கேள்வி எழுதிட்டிருந்தேன்.”

“என்ன கேள்வி?”

சைரன் கடிதத்தை மடித்தார். “நோயாளியோட நிலைமை மோசமானா வீட்டுக்காரங்களுக்கு எப்படித் தகவல் சொல்லணும்னு கேட்டிருந்தாங்க.”

“என்ன எழுதின?”

“தாமதிக்காம சொல்லணும்னு எழுதினேன். பக்கத்துல வந்து இருக்க அவங்களுக்கு நேரம் குடுக்கணும்னு எழுதினேன்க்கா. ரெண்டு பக்கம்.”

அக்கா போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. வண்டியின் வயர்லெஸ் கரகரத்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்த பெண்ணின் குரல். நாலாம் எண் வண்டி இருக்கிறதா, மாரடைப்பு, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றது.

“இருக்கேன்” என்றார் சைரன்.